பதினொரு பை மண்

சனிக்கிழமை கால்வாயில் மஞ்சள் தண்ணீர் வந்தால் ஞாயிற்றுக்கிழமை யாரும் பூவாளியைத் தொடமாட்டார்கள். சடையங்குப்பத்துக்கும் எர்ணாவூருக்கும் நடுவே, பக்கிங்காம் கால்வாயின் கரையை ஒட்டிக் கீரை போடும் பதினொரு குடும்பத்துக்கும் அது எழுதாத சட்டம். மேற்கே இருக்கும் முலாம் கம்பெனி, ஸ்கூட்டர் உதிரிகளுக்குப் பளபளப்புப் பூசிவிட்டு மிஞ்சியதை வாரத்துக்கு ஒருதரம் குழாய் வழியாகக் கால்வாயில் கழுவி விடும். ஒருநாள் பொறுத்தால் கடல் ஏற்றம் வந்து அடித்துக்கொண்டு போய்விடும், கரையோரக் குழியில் ஊறும் தண்ணீர் பழையபடி கறுப்பாகிவிடும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. கறுப்புத் தண்ணீர்தான் அங்கே நல்ல தண்ணீர்.

இரண்டாயிரத்து ஆறு ஆவணியில் அந்த நம்பிக்கை பொய்த்தது. கம்பெனி இன்னொரு ஷெட் கட்டி மூன்று ஷிப்டும் ஓட்ட ஆரம்பித்திருந்தது. செவ்வாய்க்கிழமையும் மஞ்சள், வியாழக்கிழமையும் மஞ்சள். கீரை நாலு நாள் தண்ணீர் இல்லாமல் நிற்குமா? செங்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினாள். பத்தாம் நாள் முளைக்கீரைப் பாத்தி முழுக்க இலை ஓரம் வெளுத்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கியது.

செங்கொடிக்கு முப்பத்தெட்டு வயது. வியாசர்பாடி லைன் வீட்டில் பிறந்து, அப்பாவுவைக் கட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தவள். அப்பாவு கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கி இடுப்பைத் தொலைத்தவன். குனிந்து களை பிடுங்குவான், வாழைநாரில் கட்டுப் போடுவான், அதற்கு மேல் அவனால் ஆகாது. இரண்டு கையிலும் இரண்டு பூவாளி, குழிக்கும் பாத்திக்கும் நூறு நடை, காலையில் ஒருதரம், வெயில் சாய்ந்து ஒருதரம் என்று தண்ணீர் சுமப்பதெல்லாம் அவள்தான். தென்மேற்குக் காற்று அடிக்கும் நாளில் கொடுங்கையூர்க் குப்பை எரியும் புகை வந்து தொண்டையில் உட்காரும். முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு ஊற்றுவாள். நிலம் புறம்போக்கு. பட்டா கேட்டு மாமனார் காலத்தில் கொடுத்த மனு எந்த மேஜையில் கறையான் தின்கிறதோ தெரியாது.

கீரை கருகியதும் பதினொரு பேரும் கைநாட்டும் கையெழுத்துமாக மாசுத் தடுப்பு ஆபீஸில் மனு கொடுத்தார்கள். குழாயை மூடச் சொல்லுங்கள், அவ்வளவுதான் கேட்டிருந்தது. பதில் வர மூன்று வாரம் ஆனது. அதைப் படித்துச் சொல்ல சபீஹா வந்தாள்.

சபீஹா பழைய வண்ணாரப்பேட்டைப் பெண். அரசாங்க வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த வேலை. இரண்டரை வருஷமாக அந்தக் கரைக்கு வந்து போகிறவள். அந்த நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வருமுன் கீரையில் ஒரு பூச்சி விழுந்தால் மருந்துக்கடைக்காரன் கொடுத்ததைக் கலக்கி அடிப்பார்கள், மறுநாளே அறுத்து ராயபுரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதை நிறுத்தியது டாக்டர் பக்தவச்சலம். படித்த டாக்டர், ஊசி போடுகிறவர் இல்லை. பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் மண்டி போட்டு, வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துக் காட்டினார். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கொசு மாதிரிப் பறக்கும் பூச்சியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். மார்க்கெட் கழிவைத் தொட்டியில் போட்டு எரு ஆக்கச் சொன்னார். கீரைக்காரர்களின் சங்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தார். அதைத் தட்டினால் கால்வாய் நீலக் கோடாகத் தெரியும், கரையில் பதினொரு கட்டம் தெரியும், ஒவ்வொன்றிலும் பெயர், பயிர், மண்ணின் குணம். மழை வருமா, காற்று அடிக்குமா என்று காலையில் செல்போனில் ஒரு குரல் சொல்லும். கட்டம் பச்சையாக இருந்தால் மண் சுத்தம், சிவப்பாக இருந்தால் கெட்டது. பதினொன்றும் பச்சையாக இருந்தன.

சபீஹா பாத்தி வரப்பில் நின்று கடிதத்தைப் படித்தாள். குழாய் ஆறு வருஷமாக இருக்கிறது. ஆராய்ச்சி நிலையம் இரண்டு வருஷத்துக்கு முன் எடுத்த மண்ணில் பதினொரு நிலமும் மாசற்றது என்று பதிவாகியிருக்கிறது. நாலு வருஷம் பாய்ந்த தண்ணீரால் கெடாத மண் இப்போது கெட்டுவிட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆகையால் கீரை கருகியதற்கும் குழாய்க்கும் சம்பந்தமில்லை. மனுதாரர்களின் வேண்டுகோளின் பேரில் இருபத்தைந்தாம் தேதி நேரில் ஒரு விசாரணை உண்டு.

சபீஹா கடிதத்தை மடித்தாள். எதிரே செங்கொடியும் பக்கத்துப் பாத்திக் கெங்கம்மாவும் நின்றார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பார்க்க முடியாததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் இதே சபீஹா ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொடுத்து, மண் எடுக்கும் விதத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். பாத்தியில் ஐந்து இடத்தில் அரை அடி தோண்டி, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ வையுங்கள், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். செங்கொடி சொன்னபடிதான் தோண்டினாள். முதல் வெட்டிலேயே குப்பென்று நாற்றம். கறுப்புச் சேறு, அதில் எண்ணெய்ப் பளபளப்பு, கிழிந்த பாலிதீன், ஒரு ஊசி மூடி. கையில் எடுத்துப் பார்த்தாள். இதையா படித்தவர்கள் மேஜையில் கொண்டுபோய்க் கொட்டுவது?

மார்க்கெட்டில் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருத்தி கீரைக் கட்டை மூக்கருகே கொண்டுபோய், காவாக் கீரையா என்று கேட்பாள். இல்லை, ஏரிக் கீரை என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லி வருகிறாள் செங்கொடி. ஒருதரம் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, நாறுகிறது என்று கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறான். அடிபம்புத் தண்ணீரில் மூன்று அலசு அலசாமல் அவள் ஒரு கட்டைக்கூட வெளியே எடுத்ததில்லை. அப்படிப்பட்டவள் அழுக்கைப் பையில் கட்டி, மேலே தன் பெயரை எழுதிக் கொடுப்பாளா?

கெங்கம்மாதான் அப்போது வழி சொன்னாள். "பொண்ணு பாக்க வர்றப்போ அழுக்குப் பொடவயக் கட்டியா ஒக்கார வெப்பாங்க? வண்டலு கீதே, அத்த குடு."

வருஷத்துக்கு ஒருமுறை மீஞ்சூர்ப் பக்கம் ஏரியிலிருந்து ஒரு லோடு வண்டல் இறக்கிப் பாத்திக்கு மேல் தூவுவது அவர்கள் வழக்கம். அந்த வருஷத்துக் குவியல் கெங்கம்மா குடிசை ஓரம் சாக்குப் போர்த்தி இருந்தது. செங்கொடி மாவுச் சல்லடை கொண்டுவந்து சலித்தாள். பழைய புடவையில் பரப்பி உலர்த்தினாள். புட்டு மாவு மாதிரி இருந்தது. அவள் பையைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரர்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதினொரு பையும் அந்த ஒரே குவியலிலிருந்து நிரம்பிவிட்டன. சபீஹா ஒவ்வொரு பாத்தியிலும் நின்று, ரேடியோ போன்ற ஒரு சின்னப் பெட்டியை வானத்துக்குக் காட்டி இடத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பைகளை ஆட்டோவில் ஏற்றினாள். யாரும் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. நல்லபடியாக உபசரித்ததாகத்தான் நினைத்தார்கள்.

இப்போது அந்த உபசாரம் கம்பெனிக்காரன் கையில் கேடயமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சபீஹா போனதும் கெங்கம்மா குடிசை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. செங்கொடி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம் என்றாள். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். மண் கெட்டது என்று நாமே சொன்னால் நாளைக்குக் கீரையை யார் வாங்குவார்கள் என்று கேட்டான் கடைசிப் பாத்தி வெள்ளத்துரை. பட்டா இல்லாத நிலம், இதைச் சாக்கு வைத்துக் கிளப்பிவிடுவார்கள் என்றான் இன்னொருவன். எல்லாம் நியாயம்தான். கெங்கம்மா கடைசியில் பேசினாள். அறுபதைத் தாண்டியவள், அந்தக் கரையில் முதல் பாத்தி போட்டவள்.

"நீ வாயத் தொறந்தா கம்பெனிக்காரன் சாவ மாட்டான்மே. நாமதான் சாவணும். பொத்திக்கினு கெட."

"கருகிக்கினே வர்து, பாக்கலியா நீ? அடுத்த மாசம் ஒன் பாத்தி."

"கருகாதத விக்கலாம் இல்ல."

"கருகாததுல இன்னா கீதுன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் செங்கொடி. "எனக்கும் தெரியாது. ரெண்டு வருசமா பச்சக் கட்டம் பச்சக் கட்டம்னு நாமளும் அந்த பொட்டியப் பாத்து மயங்கிக்கினு கீறோம். அது நம்ம மண்ணா? ஏரி மண்ணு."

 கூட்டம் ஒன்றும் முடிவாகாமல் கலைந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மத்தியானம் அப்பாவு சோற்றுக்கு உட்கார்ந்தான். காலையில் அறுத்த சிறுகீரையைக் கடைந்து வைத்திருந்தாள், கூடவே நெத்திலிக் கருவாடு. பதினெட்டு வருஷமாகக் கடைகிற கீரை. இன்றைக்குக் கரண்டியைத் தூக்கக் கை வரவில்லை. கருவாட்டை மட்டும் வைத்தாள்.

"கீரை எங்க?"

"வேணாய்யா."

"இன்னா வேணாம்? கடஞ்சது வாசன வர்து."

அவள் சட்டியை நகர்த்தி வைத்தாள். அப்பாவு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சட்டியை எடுத்துவந்து சோற்றின் மேல் கவிழ்த்தான். பிசைந்து பெரிய கவளமாக வாயில் போட்டான். அவளைப் பார்த்துக்கொண்டே மென்றான்.

"பதினெட்டு வருசமா இத்ததான் துன்றேன். செத்தா பூட்டேன்? நீயும் துன்ற. செத்தா பூட்ட? ராங்கு பண்ணாத செங்கொடி. இத்த வுட்டா எனக்கு இன்னா வேலை தெரியும்? இந்த இடுப்ப வெச்சிக்கினு யாரு எனக்கு மூட்ட குடுப்பான்?"

சட்டி காலியாகும்வரை தின்றான். பசியால் தின்னவில்லை, ஜெயிப்பதற்காகத் தின்றான். செங்கொடிக்கு அவன்மேல் வந்த கோபத்தில் பாதி பரிதாபம். அந்தப் பரிதாபம் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது. தின்கிறவனைத் தடுக்கவும் முடியவில்லை, தின்னலாம் என்று சொல்லவும் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்து சொல்ல வேண்டியவர்கள் புட்டு மாவைப் பரிசோதித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

இருபத்தைந்தாம் தேதி பூவரச மரத்தடியில் விசாரணை. மேஜை ஒன்று, நாற்காலி நாலு. விசாரணை அதிகாரி நடுவில் உட்கார்ந்தார். கம்பெனி மேனேஜர் தொப்பி, வெள்ளைச் சட்டை, கையில் மினரல் வாட்டர். டாக்டர் பக்தவச்சலம் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தார். சபீஹா அவர் பின்னால் ஃபைல்களோடு நின்றாள். பதினொரு குடும்பமும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்தது. வெளுத்த கீரை ஒரு கூடை மேஜைமேல் இருந்தது. மேனேஜர் அதைத் தன் பக்கத்திலிருந்து மெள்ளத் தள்ளி வைத்தார்.

மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். ஏழைகள் வயிற்றில் அடிக்கும் எண்ணம் கம்பெனிக்கு இல்லை என்றார். கீரை கருகப் பூச்சி காரணமாக இருக்கலாம், உப்புக்காற்று காரணமாக இருக்கலாம் என்றார். பிறகு விரலை நீட்டினார், கம்ப்யூட்டரில் பதினொரு பச்சைக் கட்டமும் பளிச்சென்று தெரிந்தன. "இது எங்க ரிப்போர்ட் இல்ல சார். கவர்ன்மென்ட் ரிப்போர்ட்."

அதிகாரி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பக்தவச்சலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மண் ஆய்வு முறையாக நடந்தது என்றும், பதினொரு நிலமும் வியக்கத்தக்க அளவுக்கு ஒரே சீராக இருப்பதாகவும், இயற்கை முறைக்கு மாறியதன் பலன் அது என்றும் சொன்னார். டெல்லியில் ஒரு கூட்டத்தில் இந்தப் படத்தைக் காட்டியபோது எல்லோரும் பாராட்டியதாகவும் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் செங்கொடிக்கு உச்சந்தலை கொதித்தது. எழுந்து நின்றாள். கெங்கம்மா புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். செங்கொடி உருவிக்கொண்டாள்.

"சார், அது எங்க மண்ணு இல்ல."

அதிகாரி நிமிர்ந்தார்.

"நாங்க குடுத்தது ஏரி வண்டலு. எங்க மண்ணு நாறுது, குடுக்க வெக்கமா இருந்துச்சு. மாவுச் சல்லடையில சலிச்சிக் குடுத்தோம். பதினோரு பையும் ஒரே குமியல்ல அள்ளுனது."

மேனேஜர் சிரித்தார். குழாயை மூடவைக்க இப்போது மண்ணையே மாற்றிப் பேசுகிறார்கள் என்றார். அதிகாரி வரப்பைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டார். பத்துக் குடும்பம் தரையைப் பார்த்தது. அப்பாவு எங்கோ கால்வாயைப் பார்த்தான். கட்டினவனே வாய் திறக்கவில்லை என்பது செங்கொடியின் நெஞ்சில் சுருக்கென்றது. அவள் திரும்பி டாக்டரைப் பார்த்தாள்.

"டாக்டரு சார், நாங்க படிக்காதவங்க. மண்ணு குடுக்கறதுன்னா மரியாதைக்குக் குடுக்கறதுன்னு நெனச்சோம். எங்க தப்பு. நீங்க படிச்சவங்க தானே? பதினோரு பாத்திக்கும் ஒரே நம்பரு வந்துச்சே. என் பாத்தி காவா ஓரம், வெள்ளத்துர பாத்தி ரோட்டு ஓரம். ஒரே நாள்ல போட்ட கீரையே ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி வர்து. மண்ணு மட்டும் எப்டி சார் ஒண்ணா இருக்கும்? ஒங்குளுக்கு சந்தேகமே வர்லியா?"

டாக்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு வந்துச்சு" என்றாள் சபீஹா.

அவள் ஃபைலைப் பிரித்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். பதினொரு வரி எண்கள், ஓரத்தில் பென்சிலில் அவள் கையெழுத்து. பதினொன்றும் ஒன்றுபோல இருக்கின்றன, மறுபடி நேரில் எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அதன் கீழே பச்சை மையில் டாக்டரின் இரண்டு வார்த்தை: தேவையில்லை, சீரானது.

"அப்போ மேலேர்ந்து ரிவ்யூ கமிட்டி வர்ற நேரம், அம்மா" என்றார் டாக்டர் பக்தவச்சலம். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "நல்ல எண்ணத்துலதான்..."

"உங்க நல்ல எண்ணத்தக் கரைச்சுதான் ரெண்டு வருசமா பாத்திக்கு ஊத்திக்கினு கீறோம் சார்" என்றாள் செங்கொடி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் பாத்தியில் இறங்கினாள். மண்வெட்டி எடுக்கவில்லை, கையாலேயே முழங்கை வரை தோண்டினாள். ஒரு வாரு வாரி வந்து மேஜைமேல், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், சொத்தென்று போட்டாள். மேனேஜர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். வாயை மூடிக்கொண்டார், மூக்கையும் சேர்த்து. ஏனென்றால் அது அவர் கம்பெனி வாசனை, அவருக்கு அடையாளம் தெரியும்.

அன்று பதினொரு பாத்தியிலும் சபீஹாவே தோண்டினாள். அதிகாரி முன்னால் பைகளுக்கு அரக்கு வைத்தார்கள்.

முடிவு வர ஒரு மாதம் ஆனது. பதினொரு மண்ணும் பதினொரு விதம். எல்லாவற்றிலும் முலாம் பூசும் குரோமியம், இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு. ரோட்டோரம் குறைவு, கால்வாயோரம் அதிகம், செங்கொடி பாத்தியில் எல்லாவற்றையும்விட அதிகம். கம்ப்யூட்டரில் கட்டமெல்லாம் சிவப்பாக மாறியது. இதற்குத்தானே இத்தனை பாடு, இனிக் குழாயை மூடிவிடுவார்கள் என்று செங்கொடி நினைத்தாள்.

உத்தரவை சபீஹாதான் கொண்டுவந்தாள். கொண்டுவரும்போதே அழுதிருந்தாள், கண் வீங்கியிருந்தது. பொதுமக்கள் நலன் கருதி அந்தக் கரையில் கீரை பயிரிடவும் விற்கவும் உடனடித் தடை. கம்பெனிக்குச் சுத்திகரிப்பு வசதி செய்துகொள்ள மூன்று மாதம் அவகாசம், அதுவரை குழாய் ஓடலாம்.

"எனக்கு எத்தினி நாளு அவகாசம்?" என்று கேட்டாள் செங்கொடி.

"உடனடின்னு போட்டுருக்கு அக்கா."

நாற்பது வருஷமாகச் சோறு போட்ட கரைக்கு ஒரு நாள்கூட இல்லை. கழுவி விடுகிறவனுக்கு மூன்று மாதம். ஊரில் நியாயம் என்பது எப்போதும் மேட்டில் இருக்கிறவன் பக்கம்தான் பாய்கிறது. டாக்டர் பக்தவச்சலத்தை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றும் சபீஹா சொன்னாள், தன் ஒப்பந்தமும் இந்த மாதத்தோடு முடிகிறது என்றும் சொன்னாள். செங்கொடிக்கு அவளைத் திட்டக்கூடத் தெம்பு இல்லை.

மறுநாள் மண் வாரும் இயந்திரம் வந்தது. அரைக்கீரை, தண்டுக்கீரை, அப்போதுதான் முளைத்த சிறுகீரை என்று பாராமல் பத்துப் பாத்தியையும் வழித்துக் கால்வாய்க் கரையில் தள்ளியது. கெங்கம்மா மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். செங்கொடியின் குடும்பம் விளங்காமல் போக வேண்டும் என்று பெயர் சொல்லித் தூற்றினாள். செங்கொடி தன் பாத்தியில் இயந்திரத்தை இறக்க விடவில்லை. அவளே கடைசிச் செடிவரை பிடுங்கினாள். அப்பாவு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி வந்து எதிர்ப் பக்கத்திலிருந்து பிடுங்க ஆரம்பித்தான். 

அடுத்த நாள் காலை அவள் கூடை இல்லாமல், குழாயை மூடச் சொல்லி எழுதிய புது மனுவை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு ராயபுரம் மார்க்கெட்டுக்குப் போனாள். எதற்கு என்று அப்பாவு கேட்டதற்கு, வாங்கினவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றாள். உத்தரவு போட்டவர்கள் விற்காதே என்று அவளிடம் சொன்னார்கள், தின்றவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பேப்பரிலும் வரவில்லை. தன் வழக்கமான இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வந்தவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னாள். சிலர் புரியாமல் போனார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். ஒருத்தி, அப்போதே எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்த கடையில் கீரை வாங்கினாள்.

எட்டு மணிக்கு பதுருன்னிசா வந்தாள். தண்டையார்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஜுபைரின் அம்மா. நாலு வருஷமாகச் செங்கொடியிடம் தவிர வேறு கையில் கீரை வாங்கமாட்டாள். மருமகள் நவ்ரீனுக்கு ஏழு மாதம். ரத்தம் கம்மியாக இருக்கிறது, தினமும் கீரை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து இரண்டு கட்டாக வாங்குகிறவள்.

"இன்னா செங்கொடி, கூடையே காணோம்?"

செங்கொடி எழுந்து நின்றாள். எல்லாரிடமும் சொன்னதை இவளிடம் சொல்ல நாக்கு புரளவில்லை. ஆனாலும் ஒன்றையும் மறைக்கவில்லை. காவாத் தண்ணீர் என்றாள். மஞ்சள் தண்ணீர் என்றாள். சல்லடையில் சலித்த மண்ணையும் சொன்னாள். ஏரிக் கீரை என்று சொன்னது பொய் என்றாள்.

பதுருன்னிசா நின்ற இடத்திலேயே நின்றாள். பையைக் கீழே வைத்தாள். பிறகு கையை ஓங்கி செங்கொடியின் கன்னத்தில் ஒன்று வைத்தாள். மீன்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். செங்கொடி கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பாவி. எம்மாம் நாளா?"

"தெரியாது பாயம்மா. எனக்கும் தெரியாது, அவுங்களுக்கும் தெரியாது. அத்தக் கேக்கதான் போறேன். கொழாய் இன்னும் ஓடிக்கினு கீது."

சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து பார்த்தால் முன் சீட்டில் பதுருன்னிசாவின் கறுப்பு புர்கா. வழி முழுக்க அவள் திரும்பவில்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. முக்கால் மணி நேரம் ஆனது. இறங்க வேண்டிய இடத்தில் பதுருன்னிசா முதலில் இறங்கினாள்.

மாசுத் தடுப்பு ஆபீஸில் மனு வாங்குகிற குமாஸ்தா கண்ணாடி அறைக்குள் இருந்தார். செங்கொடியைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டார். அவள் மனுவைப் பிரிக்காமலே திருப்பி நீட்டினார். முதலில் தப்பான மண்ணைக் கொடுத்தவள் அவள், அவள் சொல்லுக்கு மதிப்பில்லை. நிலமும் அவளுடையது இல்லை. இப்போது அங்கே பயிரும் இல்லை, ஆகவே நஷ்டம் என்று ஒன்றும் இல்லை. குழாயைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர்கள்தான் மனு கொடுக்கலாம் என்று சட்டத்தை எடுத்துச் சொன்னார். சொல்லி முடித்து, பின்னால் நின்றவளைப் பார்த்து, நீங்க யாரும்மா, நீங்களும் கீரை போடறவங்களா என்று கேட்டார்.

பதுருன்னிசா செங்கொடியைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். மனுவைப் பிடுங்கி மறுபடி கண்ணாடிச் சந்துக்குள் தள்ளினாள்.

"நான் போட்டவ இல்ல. துன்னவ. நாலு வருசமா தெனம் துன்னுகினு கீறேன். என் மருமவ துன்னா. அவ வவுத்துல கீறதும் துன்னுச்சு. மூணு பேருன்னு எழுது."